18 பேருக்கு ஜெர்சி, ஒரே தையல்காரர்: திருப்பூரில் நாங்கள் படித்த கணக்கு

பொள்ளாச்சியில் நாங்கள் 18 பேர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்குக் கிளம்பி, ஆழியார் வரை சைக்கிள் மிதித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற கூட்டம். கால் கொஞ்சம் தேறியிருக்கும் மாதங்களில் 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வால்பாறை வரை போவோம். கல்லூரிப் பையனுக்கு 19 வயது, எங்களில் மூத்தவருக்கு 58. பந்தயத்தில் ஜெயிக்கிற ஆட்கள் யாரும் கிடையாது. டிசம்பரில் 200 கிலோமீட்டர் பிரெவே (பந்தயமில்லாத நெடுந்தூரச் சவாரி) ஒன்றுக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சவாரி அது. அப்போதுதான் 'எல்லாரும் ஒரே ஜெர்சி போட்டுக்கொண்டு போனால் என்ன' என்ற பேச்சு கிளம்பியது.

விலை விசாரித்தோம். சைக்கிள் உடுப்பு தைத்துத் தரும் கம்பெனிகளில் 1,400 ரூபாய்க்குக் கீழே யாரும் இறங்கவில்லை. 25 உருப்படிக்குக் குறைந்தால் ஆர்டரே எடுக்க மாட்டோம் என்றார்கள். எங்களில் பாதிப் பேர் ஓட்டுவதே பழைய கியர் சைக்கிள். அந்தச் சைக்கிளை விற்றால் என்ன கிடைக்குமோ அதில் கால்வாசியைச் சட்டைக்குப் போடு என்று யாரிடம் சொல்வது? தலைக்கு 500 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது என்று முடிவானது. 60 கிலோமீட்டரில் திருப்பூர் இருக்கும்போது ஒரு பனியன் தைக்க முடியாதா என்று நினைத்தோம். அந்த நினைப்பு பாதி சரி. மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

முதல் தப்பு: 18 என்ற எண்ணைப் பற்றிய பயம்

திருப்பூரில் முதலில் போன இடம் ஒரு பவர்டேபிள் யூனிட், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம். 30 மிஷின் ஓடுகிற நடுத்தரக் கூடம். விஷயத்தைக் கேட்டதும் உரிமையாளர் சிரித்துவிட்டார். "18 பீஸ் வெச்சு நான் என்னங்க பண்றது? லைன் செட் பண்றதுக்குள்ள உங்க ஆர்டரே முடிஞ்சிருமே."

அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும் என்ற பொது விதியைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அச்சு வேலையும் அப்படித்தானே இருக்கும் என்று எண்ணினேன். ஆனால் சைக்கிள் ஜெர்சிக்கு அடிக்கும் அச்சு அப்படி இல்லை. டீ-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் போட வேண்டும், அந்தச் செலவு 18 ஆக இருந்தாலும் 1,800 ஆக இருந்தாலும் ஒன்றுதான். சைக்கிள் ஜெர்சியில் அடிப்பது சப்ளிமேஷன். கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் தாளில் அடிக்கிறார்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்துச் சுமார் 200 டிகிரி சூட்டில் முக்கால் நிமிடம் அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. ஸ்கிரீன் கிடையாது, பிளேட் கிடையாது. ஒரு ஜெர்சி அடித்தாலும் நூறு அடித்தாலும் மீட்டருக்கு ஏறக்குறைய அதே காசு. எத்தனை நிறம், எத்தனை லோகோ என்ற கணக்கும் இல்லை.

ஆக, 18 என்பது அச்சுக்குச் சின்ன எண் அல்ல. தையலுக்குத்தான் சின்ன எண். லைன் என்றால் ஒருவர் தோள் மட்டும் கூட்டுவார், அடுத்தவர் கை மட்டும் ஏற்றுவார், இன்னொருவர் பிளாட்லாக் மிஷினில் ஓரம் மட்டும் அடிப்பார், நடுவில் கைமடி என்கிற உதவியாள் துணியை மடித்து நகர்த்திக்கொண்டே இருப்பார். அந்த ஓட்டம் சூடு பிடிப்பதற்குள் 18 உருப்படி கடந்து போய்விடும். உரிமையாளர் சொன்னது அதைத்தான்.

இதைப் பிடிக்க எங்களுக்கு மூன்று வாரமும் நாலு பஸ் பயணமும் ஆனது. பிடித்த பிறகு வழி எளிதாகத் தெரிந்தது: லைன் வைத்திருக்கும் யூனிட்டைத் தேடவே கூடாது. சாம்பிள் தைக்கிறவரைத் தேட வேண்டும். ஏற்றுமதி ஆர்டருக்கு முன்னால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒன்று இரண்டு உருப்படி தைத்துக் காட்டுவார்களே, அந்த வேலைக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று மூன்று வகைத் தையல் மிஷினிலும் கை ஓடும். ஒரு முழு உருப்படியைத் தனியாளாகத் தைத்து முடிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தவர் 22 வருடம் சாம்பிள் தைத்துவிட்டு, வீட்டு முன்னறையிலேயே மூன்று மிஷின் போட்டிருந்த ஓர் அண்ணன். கைவசத்துக்கு இரண்டு சேர்த்துக் கேட்டோம். "20 பீஸா? நாலு நாள் வேலைங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கிரிக்கெட் பனியனும் சைக்கிள் பனியனும்

அண்ணனைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் ஒரு சாம்பிளில் காசு விட்டோம். பிரிண்ட் அடிக்கும் இடத்திலேயே 'பேட்டர்ன் எங்ககிட்ட இருக்குதுங்க' என்றார்கள். பேட்டர்ன் என்றால் துணி வெட்டுவதற்கான அளவு அட்டை. நம்பினோம். வந்தது கிரிக்கெட் அணிக்குத் தைக்கும் டீ-ஷர்ட், நடுவில் ஒரு ஜிப்பும் முதுகில் ஒரு பையும் வைத்தது. நின்றுகொண்டு கண்ணாடி பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்ததும் முன்பக்கம் வயிற்றில் பை போலத் தொங்கியது, பின்பக்கம் மேலே ஏறி இடுப்பு வெளியே தெரிந்தது. எங்கள் ஊரில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். நாங்கள் அந்தச் சாம்பிளைப் போட்டுப் பார்த்தது ஆடி மாதம், உடுமலை ரோட்டில். சட்டை பாய்மரம் மாதிரி படபடத்தது. சமதரையில் சைக்கிள்காரன் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் காற்றோடுதான். அதில் தொளதொளச் சட்டையும் சேர்ந்துகொண்டால் மிதிப்பதே வீண்.

சைக்கிள் ஜெர்சி, குனிந்திருக்கும் உடம்புக்கு வெட்டுவது. முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், கை சற்று முன்னோக்கித் திரும்பியிருக்கும், கழுத்து தாழ்ந்திருக்கும். நின்று பார்த்தால் கோணலாகத் தெரிவதுதான் சரியான ஜெர்சி. அண்ணனிடம் இதை விளக்க நான் வாயால் முயன்று தோற்றுப்போனேன். கடைசியில் எங்கள் குழுவில் ஒருவர் வைத்திருந்த, விழுந்து தோள் கிழிந்த பழைய ஜெர்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பிளேடால் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளை மேசையில் பரப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். "இது சட்டை இல்லீங்க. குனிஞ்சு நிக்கிறவனுக்குத் தெச்ச தோல்" என்றார். அப்புறம் அட்டையில் வரைந்தார். அளவு பிரித்து 36 முதல் 46 வரை அட்டை வெட்டித் தர 1,500 ரூபாய் வாங்கினார். இந்த வேலை முழுக்க நாங்கள் கொடுத்த காசில் மிகவும் பிரயோசனமான காசு இதுதான் என்று நினைக்கிறேன்.

அளவெடுத்தது ஒரு கூத்து. மார்பளவு மட்டும் எடுத்தால் போதும் என்று இணையத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் குழுவில் ஏழு பேருக்கு வயிறு மார்பை முந்திவிட்டது. எனவே மார்பு, வயிறு இரண்டையும், சைக்கிளில் உட்கார்ந்த நிலையிலேயே எடுத்தோம். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தவர்களை அதட்டி விடச் சொல்ல வேண்டியிருந்தது.

துணி, சூடு, சுருக்கம்

திருப்பூர் பருத்தி ஊர். காதர்பேட்டையில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் நல்ல காட்டன் பனியன் கிடைக்கும். எங்களுக்கு அது உதவாது. சப்ளிமேஷன் சாயம் பருத்தியில் ஒட்டாது, இரண்டு துவைப்பில் வெளுத்துவிடும். வேர்வையைக் குடித்துக்கொண்டு கனத்துத் தொங்குவதும் பருத்திதான். ஆகவே வெள்ளைப் பாலியஸ்டர். வெள்ளை ஏன் என்றால், சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. ஜெர்சியில் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் அச்சடிக்காமல் விட்ட துணி.

கடையில் டாட் நெட், ரைஸ் நெட் என்று ஏழெட்டு வகை காட்டினார்கள். 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 140 கிராம்) டாட் நெட் எடுத்தோம். கிலோ 380 ரூபாய், 6 கிலோ. இழுபடும் லைக்ரா நூல் கலந்தது உடம்போடு ஒட்டும், ஆனால் விலை கூடுதல். எங்கள் பட்ஜெட்டில் அது நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் அந்த ஏழு பேர் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இங்கே அண்ணனுக்கே ஒரு பாடம் கிடைத்தது. பருத்திக்குத் துவைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று அவர் தூக்கத்திலும் சொல்வார். பாலியஸ்டரைத் துவைத்தால் சுருங்காது, அதனால் அவர் எதுவும் சேர்க்கவில்லை. ஆனால் துண்டுகளை வெட்டி, 200 டிகிரி மிஷினில் அழுத்தி எடுத்ததும் முதல் சாம்பிள் ஒரு விரல்கடை குட்டையாகிவிட்டது. பிறகு 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி வெறுமனே அழுத்திப் பார்த்தோம். நீளவாக்கில் 49 ஆகியிருந்தது. 70 சென்டிமீட்டர் முதுகுத் துண்டில் இது ஒன்றரை சென்டிமீட்டர் தின்றுவிடும். அட்டை முழுவதையும் நீளவாக்கில் அவ்வளவு கூட்டி வெட்டினார். யார் இந்த வேலையில் இறங்கினாலும் முதல் நாளே இந்தச் சதுரத்தை அழுத்திப் பார்த்துவிடுங்கள், ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம்.

ஜிப்பும் படுத்தியது. பின்னல் துணி இழுபடும், ஜிப் நாடா இழுபடாது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் நெஞ்சில் அலையலையாக எழும்பி நிற்கும். மலிவு ஜெர்சியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க அந்த அலை போதும். ஜிப் வரும் ஓரத்தில், சூட்டில் ஒட்டும் மெல்லிய ஃபியூசிங் பட்டி ஒட்டிவிட்டுத் தைத்தார் அண்ணன். செலவு சில ரூபாய். வால்பாறை ஏற்றத்தில் நெஞ்சைத் திறந்து விட்டால்தான் மூச்சு வரும் என்பதால் முழு ஜிப் வைத்தோம். விளைவு, நெஞ்சு நடுவில் இருந்த லோகோ இரண்டாகப் பிளந்து அரை சென்டிமீட்டர் ஏறி இறங்கி நின்றது. இரண்டாவது சாம்பிளில் லோகோவை இடது பக்கம் தள்ளிவிட்டோம்.

பச்சை

பொள்ளாச்சி என்றால் தென்னை, தென்னை என்றால் பச்சை. வடிவமைப்பில் இதைத் தவிர வேறு யோசனை யாருக்கும் வரவில்லை. திரையில் இளநீர்ப் பச்சை என்று நாங்கள் தேர்ந்தெடுத்தது துணியில் வாடிய கீரையாக வந்தது. கம்ப்யூட்டர் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் நாலு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் பளீரென்று தெரியும் பச்சையும் ஆரஞ்சும் நாலு மைக்குள் அடங்காது. பிரிண்ட் அடிப்பவரிடம் கெஞ்சி, எங்கள் துணியிலேயே 40 சின்னக் கட்டங்களில் வெவ்வேறு பச்சையும் மஞ்சளும் அடித்து வாங்கினோம். அதை வெயிலில் பிடித்துக்கொண்டு 'வரிசை 3, கட்டம் 5' என்று எண் சொல்லித் தேர்ந்தெடுத்தோம். அதற்குப் பிறகு நிறத்தில் தகராறே வரவில்லை.

ஆனால் வேறொரு தகராறு வந்தது. சாம்பிளைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஆழியார் ரோட்டில் முன்னால் போனார். இரண்டு பக்கமும் தோப்பு. நூறடி தள்ளி ஆளே தெரியவில்லை. இளநீர் லோடு ஏற்றிய வண்டிகள் ஓடுகிற ரோட்டில், தென்னை மட்டையோடு மட்டையாக மறைந்து போகிற சட்டையைத்தான் இவ்வளவு பாடுபட்டுத் தைத்திருக்கிறோம்! 1919-இல் டூர் டி பிரான்ஸில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி கொடுக்க ஆரம்பித்ததே கூட்டத்தில் அவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதற்காக. போட்டியை நடத்திய பத்திரிகையின் தாளும் மஞ்சள். நூறு வருடம் முன்பே தெரிந்த சங்கதி எங்களுக்கு உறைக்க ஒரு தென்னந்தோப்பு தேவைப்பட்டது. தோளும் கையும் முதுகின் மேல்பாதியும் மஞ்சளாக மாறின, பச்சை கீழே இறங்கியது. ஃப்ளோரசன்ட் மை அந்த மிஷினில் இல்லை. சாதா மஞ்சளே போதுமானதாக இருந்தது.

முதுகில் அவரவர் பெயர் வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. அச்சில் பெயருக்குத் தனிக் காசு இல்லையே என்றார்கள், நியாயம்தான். ஆனால் தைக்கிறவர் மேசையில் 20 முதுகு, 18 பெயர், ஆறு அளவு. எந்த முதுகுக்கு எந்தக் கை என்று பிரித்து வைப்பதே ஒரு நாள் வேலை. ஒரு கை மாறினால் அந்த ஜெர்சி போச்சு. பெயர் வேண்டாம் என்று ஓட்டெடுப்பில் ஜெயித்தோம். தோற்றவர்களில் ஒருவர் அப்புறம் மார்க்கர் பேனாவால் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.

விளம்பரத்துக்கு 5,000 ரூபாய் தந்த பேக்கரியின் லோகோ வாட்ஸ்அப்பில் வந்தது. நெற்றியில் ஒட்டும் பொட்டு அளவுப் படம். பெரிதாக்கினால் பாசி பிடித்த மாதிரி இருந்தது. லோகோவைக் கோட்டுப்படமாக மறுபடி வரையவும், எல்லாத் துண்டுகளையும் அளவுவாரியாக ஃபைலில் அடுக்கவும் டிசைன் செய்பவருக்கு 1,500 கொடுத்தோம். அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: திருத்தம் சொல்வதாக இருந்தால் ஒரே ஆள் சொல்ல வேண்டும். 18 பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்த்த முதல் நாளே வெளியேறியிருந்தார்.

கணக்கு

மொத்தம் 20 ஜெர்சி. உறுப்பினர்களுக்கு 18, கைவசம் 2. துணி 2,280 ரூபாய். சோதனை அச்சு உள்பட 24 மீட்டர், மீட்டர் 140 வீதம் 3,360. ஜிப் 22-க்கு 616. இடுப்பு ஏறாமல் பிடித்துக்கொள்ளும் சிலிகான் எலாஸ்டிக் 360. தையல் கூலி ஒன்றுக்கு 130 வீதம் 2,600. அண்ணன் தைத்த சாம்பிள் இரண்டுக்கு 600. பேட்டர்ன் 1,500, டிசைன் 1,500, ஒளி பட்டால் மின்னும் பட்டி ஒட்ட 500. கூட்டினால் 13,316 ரூபாய், ஒன்றுக்கு 666. பேக்கரி தந்த 5,000-ஐக் கழித்தால் ஒன்றுக்கு 416. கிரிக்கெட் சாம்பிளுக்கு விட்ட 450 ரூபாயும் பஸ் காசும் இதில் இல்லை, அவை என் கைக்காசு.

இந்தக் கணக்கைப் பார்க்கிறவர்கள் துணியிலும் கூலியிலும் குறைக்கத்தான் முதலில் கை வைப்பார்கள். 380 ரூபாய்த் துணிக்குப் பதில் 300 ரூபாய்த் துணி எடுத்திருந்தால் ஜெர்சிக்கு 24 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் பேட்டர்ன், டிசைன், சாம்பிள் மூன்றும் சேர்ந்து ஒன்றுக்கு 180 ரூபாய். முதல் தடவை மட்டும் வருகிற செலவு இது. அடுத்த வருடம் அதே அட்டை, அதே ஃபைல் என்றால் அந்த 180 அப்படியே விழுந்துவிடும். வருடா வருடம் வடிவத்தை மாற்றினால் வருடா வருடம் அதைக் கட்ட வேண்டும். அதனால்தான் பேட்டர்ன் அட்டையையும் ஃபைலையும் எழுதி வாங்காத குறையாகக் கேட்டு எங்கள் கைக்கு வாங்கிக்கொண்டோம். தைக்கிற இடத்திலேயே விட்டுவிடும் குழுக்கள் அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

காலக் கணக்கில் நாங்கள் கோட்டை விட்டோம். ஆடியில் ஆரம்பித்து, சாம்பிள் சரியானபோது புரட்டாசி. திருப்பூரில் அது தீபாவளி உற்பத்தி உச்சத்தில் இருக்கும் சமயம். பிரிண்ட் மிஷின் கிடைக்கவில்லை. தீபாவளிக்குப் போன தொழிலாளர்கள் ஊரிலிருந்து திரும்பிவர இன்னொரு பத்து நாள். நவம்பர் கடைசியில்தான் ஜெர்சி கைக்கு வந்தது. பொங்கல் முடிந்து பங்குனிக்குள் இந்த வேலையை வைத்துக்கொண்டால் அண்ணனே போன் பண்ணி 'எப்பங்க வர்றீங்க' என்று கேட்பார்.

ஒரு வருடம் கழித்து

நிறம் போகவில்லை, உரியவில்லை. சாயம் இழைக்குள் இருப்பதால் உரிய அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சூட்டில் சாயம் ஏறுவது துணியின் மேல்முகத்தில் மட்டும்தான், அடிமுகம் வெள்ளையாகவே இருக்கும். துணி இழுபடும் இடத்தில் அந்த வெள்ளை எட்டிப் பார்க்கிறது. வயிறு முந்திய ஏழு பேருக்கும் கரும்பச்சை நடுவில் மட்டும் வெளிர்பச்சை. அவர்களுக்கு ஓர் அளவு கூட்டி வெட்டியிருக்க வேண்டும்.

முதுகுப் பை மூன்றும் முதல் மாதமே தொங்கின. போன், ட்யூப், இரண்டு வாழைப்பழம் போட்டால் பின்பக்கம் மொத்தமும் கீழே இறங்கியது. அண்ணனிடம் திருப்பிக் கொண்டுபோய், பை வாயில் எலாஸ்டிக் பட்டியும் பைகளுக்கு இடையே உள்ள கோட்டின் மேல்முனையில் அடர்தையலும் போட்டு வாங்கினோம். அதை அவர் இனாமாகச் செய்தார்.

மின்னும் பட்டிதான் முழுத் தோல்வி. அது சப்ளிமேஷனில் வராது, தனியாகச் சூட்டில் ஒட்ட வேண்டும். அதிகச் சூடு வைத்தால் அடியில் இருக்கும் பச்சைச் சாயம் மறுபடி ஆவியாகிப் பட்டியில் ஏறிவிடும் என்று சூட்டைக் குறைத்து ஒட்டினார்கள். ஆறு துவைப்பில் கழன்றுவிட்டது. பிரெவேயில் இருட்டினால் எப்படியும் தனி ஒளிர் அங்கி போட்டே ஆக வேண்டும், அதனால் இனி அந்த 500 ரூபாயைப் பை எலாஸ்டிக்குக்குத் திருப்பிவிடுவதாக இருக்கிறோம்.

பேட்டர்ன் அட்டைகள் இப்போது என் வீட்டில், பீரோவுக்குப் பின்னால், பழைய காலண்டரில் சுற்றி நிற்கின்றன. போன வாரம் உடுமலைக் குழு ஒன்று, 11 பேர், இரவல் கேட்டார்கள். கொடுத்தேன். 46-ஆம் எண் அட்டையை மட்டும் ஒரு நகல் வெட்டிக்கொண்டு திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன், எங்களுக்கு இந்தத் தடவை அது நிறையத் தேவைப்படும்.